லைட் பாக்ஸில் பூ: படத்தில் விழுவது எந்த வெளிச்சம்?

"எக்ஸ்ரே எடுத்த மாதிரி இருக்கே!" லைட் பாக்ஸில், அதாவது அடியிலிருந்து ஒளிரும் வெள்ளைப் பலகையில், வைத்து எடுத்த பூப்படத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். இதழ்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும், நரம்புகள் இழை இழையாகத் தெரியும், சுற்றிலும் வெறும் வெள்ளை. அடுத்து வரும் கேள்வி, "எந்த ஆப்பில் பண்ணீங்க?" சமூக மன்றத்துப் புகைப்பட வகுப்பானாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவானாலும், இந்தப் படங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

இரண்டுமே தப்பு. எக்ஸ்ரேக்கு நிறம் தெரியாது. பொருளின் அடர்த்தியும் தடிமனும்தான் அதற்குக் கணக்கு. சிவப்பு இதழும் மஞ்சள் இதழும் அதற்கு ஒன்றுதான். இங்கே நிறம்தான் கதையே. ஆப் கடைசியில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்பே படம் பூவுக்குள் உருவாகியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சாதாரணப் படத்தில், பூவின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கேமராவுக்கு வருகிறது. லைட் பாக்ஸ் படத்தில், பூவுக்குள் புகுந்து, பூ எடுத்துக்கொண்டது போக மிச்சமுள்ள வெளிச்சம் வருகிறது. 1843இல் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை ஒளியுணர் தாளின் மேல் வைத்து, கேமராவே இல்லாமல் நீலப் படங்கள் எடுத்தபோது நடந்ததும் இதுதான். பாசி தடுத்தது போக மிச்சம் விழுந்த வெயில்தான் அந்தப் படம். எந்தப் பூவை எடுப்பது, கேமராவில் எதை மாற்றுவது, அறை விளக்கை ஏன் அணைப்பது எல்லாமே இந்த மிச்சக் கணக்கிலிருந்துதான் வரும்.

## முதலில், எந்தப் பெட்டி?

இணையக் கடைகளில் லைட் பாக்ஸ் என்று தேடினால் இரண்டு வேறு பொருள்கள் வரும். ஒன்று வெள்ளைத் துணியில் செய்த சின்னக் கூடாரம். நகை, கேக், கைவினைப் பொருள் விற்பவர்கள் வைத்திருப்பது. அது பொருளின் மேல் எல்லாப் பக்கமிருந்தும் மென்மையான வெளிச்சத்தைப் போடும். நமக்கு அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது தட்டையான பலகை. ஓவியர்கள் படத்தை அடியில் வைத்துப் படியெடுப்பார்களே, அது. சிங்கப்பூரில் பிராஸ் பாசா காம்ப்ளக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பூவுக்கு ஏ4 அளவு போதும், ஏ3 வசதி. வாங்காமலும் செய்யலாம்: பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றை இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கித் தூக்கி வைத்து, அடியில் எல்இடி விளக்கை எரியவிட்டால் அதுவே லைட் பாக்ஸ். டேப்லட் திரையில் வெள்ளையைப் போட்டும் எடுக்கலாம். ஆனால் பூவை நேரடியாகத் திரையில் வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் தெரியும். நடுவே ஒரு பால் வெள்ளைத் தகட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

## வடை சுற்றிய காகிதம்

தேக்கா சந்தையில் வடை வாங்கினால் சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறியிருக்கும். வடையைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் காகிதத்தை மேசையில் விரித்துப் பாருங்கள். எண்ணெய்த் திட்டு சுற்றியுள்ள இடத்தைவிடக் கருப்பாகத் தெரியும். அதையே விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இப்போது திட்டு பளிச்சென்று இருக்கிறது, மற்ற இடம்தான் மங்கல்.

காகிதம் மாறவில்லை. மேசையில் இருந்தபோது நீங்கள் பார்த்தது திரும்பி வந்த வெளிச்சம். தூக்கிப் பிடித்தபோது பார்த்தது ஊடே வந்த வெளிச்சம். திட்டு வெளிச்சத்தை அதிகமாக ஊடே விடுகிறது, அதனால் திருப்பி அனுப்ப அதனிடம் மிச்சம் குறைவு. பள்ளி ஆய்வகத்து அடுப்புக்குப் பெயர் தந்த ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் புன்சன், 19ஆம் நூற்றாண்டில் இந்தத் திட்டை வைத்தே விளக்குகளை ஒப்பிட்டார். காகிதத்தின் இரு பக்கமும் வெளிச்சம் சமமானால் திட்டு கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும்.

எண்ணெய் அப்படி என்ன செய்தது? காகிதம் என்பது நார்களும் நடுநடுவே காற்றும். காற்றிலிருந்து நாருக்குள் போகும்போதும் நாரிலிருந்து காற்றுக்கு வரும்போதும் வெளிச்சம் கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளில் இப்படி நடந்தால் வெளிச்சம் எல்லாத் திசையிலும் இறைந்துபோகும். இதற்குப் பெயர் ஒளிச்சிதறல். எண்ணெய் அந்தக் காற்றிடங்களை நிரப்பிவிடுகிறது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை நாருக்கும் எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசமில்லை. எனவே எல்லைகள் அழிந்து சிதறல் குறைகிறது, வெளிச்சம் சுலபமாகக் கடந்து போகிறது.

சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை நேராக விடுகிறது. அது ஒளிபுகும் பொருள். தேக்குப் பலகை விடுவதே இல்லை. அது ஒளிபுகாப் பொருள். காகிதம், டிரேசிங் தாள், பூவிதழ் போன்றவை வெளிச்சத்தை விட்டாலும் சிதறடித்துத்தான் விடும். இவை ஒளிகசியும் பொருள்கள். சோதித்துப் பார்ப்பது எளிது. மெல்லிய இதழ் ஒன்றைச் செய்தித்தாளின் பெரிய எழுத்தின் மேல் படிய வைத்தால் எழுத்து தெரியும். இதழை விரல் உயரம் தூக்கினால் எழுத்து கரைந்துவிடும், வெளிச்சம் மட்டும் தொடர்ந்து வரும்.

## இதழுக்குள் நடப்பது

இதழைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே நெருக்கமில்லாமல் கிடக்கும் செல்கள் தெரியும். அந்தச் செல்களுக்கு நடுவே காற்று. நிறம் பெரும்பாலும் தோல் செல்களில் இருக்கிறது. சிவப்பு, ஊதா, நீலப் பூக்கள் பலவற்றில் அந்த நிறத்தைத் தருவது செல்சாற்றில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் பெரும்பாலும் கரோட்டினாய்டு.

ஆக, கீழிருந்து புறப்பட்ட வெளிச்சத்துக்கு இதழுக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. நிறமி தனக்கு வேண்டிய நிறங்களை விழுங்குகிறது. காற்றிடங்கள் மீதியைச் சிதறடிக்கின்றன. விழுங்கியது போக வந்ததுதான் நாம் பார்க்கும் நிறம். சிதறியதால்தான் இதழ் முழுவதும் ஒரே சீராக ஒளிர்கிறது. சிதறாமல் நேராக வந்திருந்தால் இதழ் ஒரு நிறக் கண்ணாடித் துண்டாக, அடியிலிருக்கும் விளக்கைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

வெள்ளைப் பூவில் வெள்ளை நிறமி என்று ஒன்று கிடையாது. அதன் வெண்மை முழுக்க காற்றிடங்களின் சிதறல்தான். நம்பிக்கை வரவில்லையென்றால் சரத்திலிருந்து ஒரு மல்லிகையை எடுத்து, ஒரு இதழை நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்திய இடத்தில் வெள்ளை போய், ஈரமாக, அடியிலுள்ள விரல்ரேகை தெரிகிற மாதிரி ஆகிவிடும். செல்கள் உடைந்து சாறு காற்றிடத்தை நிரப்பிவிட்டது. வடைக் காகிதத்தில் எண்ணெய் செய்த அதே வேலை. ஜப்பானின் குளிர்ந்த மலைக்காடுகளில் டிஃபிலியா கிரேயி என்றொரு செடி உண்டு. அதன் வெள்ளைப் பூ மழையில் நனைந்தால் கண்ணாடியாகிவிடும், காய்ந்ததும் மறுபடி வெள்ளை. நீர் உள்ளே போவதும் வெளியேறுவதும்தான் காரணம்; நிறமியில் எந்த மாற்றமும் இல்லை.

படம் எடுப்பவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. விரல் அழுத்திய இதழ் சாதாரண வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருக்கும். லைட் பாக்ஸில் வைத்ததும் அழுத்திய இடமெல்லாம் கண்ணாடித் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பூவைக் காம்பில்தான் பிடிக்க வேண்டும். இதழை நகர்த்த, நுனி மழுங்கிய இடுக்கி அல்லது ஈரமில்லாத சின்ன ஓவியத் தூரிகை.

நிறம் ஏன் அத்தனை ஆழமாகத் தெரிகிறது என்பதும் இங்கிருந்தே விளங்கும். மேலிருந்து வெளிச்சம் போட்டால் ஒரு பங்கு இதழின் மேற்பரப்பிலேயே தெறித்து, நிறமியைத் தொடாமல் திரும்பிவிடும். அந்த வெள்ளைப் பளபளப்பு நிறத்தோடு கலந்து அதை வெளிறச் செய்கிறது. கீழிருந்து வரும் வெளிச்சத்துக்கு அந்தக் குறுக்கு வழி இல்லை. இதழைத் தாண்டாமல் லென்ஸுக்கு வர முடியாது.

(சிதறலைக் கண்ணாலேயே பார்க்க ஆசையிருந்தால் ஒரு சின்ன வித்தை. எல்சிடி மடிக்கணினித் திரையிலிருந்து வரும் வெளிச்சம் ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது. லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியைத் திரைக்கு எதிரே திருகிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வெள்ளைத் திரை கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும். அப்போது திரைக்கு முன்னால் ஓர் இதழைப் பிடியுங்கள். திரை கருப்பு, இதழ் மட்டும் ஒளிரும். இதழுக்குள் சிதறிய வெளிச்சம் எல்லாத் தளங்களிலும் அதிரத் தொடங்கிவிட்டதால் அது வடிகட்டியைத் தாண்டி வந்துவிடுகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.)

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இதழ் ஒரு வடிகட்டி. நிறமி நிறத்தைத் தீர்மானிக்கிறது, காற்றிடங்கள் வெளிச்சத்தைப் பரப்புகின்றன. கேமராவுக்கு வருவது மிச்சம்.

## அடுக்கு கூடினால் கழித்தல் அல்ல, பெருக்கல்

ஓர் இதழ் வெளிச்சத்தில் பாதியை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் அதே போல இன்னொரு இதழ். இரண்டும் சேர்ந்து எவ்வளவு விடும்? "பாதி பாதியாகப் போனால் ஒன்றும் மிஞ்சாது" என்று சிலர் நினைப்பார்கள். அப்படியில்லை. பாதியில் பாதி, அதாவது 25 விழுக்காடு மிஞ்சும். மூன்றாவது இதழுக்குப் பிறகு 12.5. நான்காவதுக்குப் பிறகு சுமார் 6. சிதறலால் அசலில் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனாலும் போக்கு இதுதான்.

புகைப்படத்தில் வெளிச்சம் இரட்டிப்பாவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். அப்படியானால் நம் இதழ்களில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஸ்டாப். இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் அழகான கருநிறம் வருவது இதனால்தான். சாமந்தியை வைத்தால் நடுவில் கரிக்கட்டையாகத் தெரிவதும் இதனால்தான். சாமந்தியில் பத்து, பதினைந்து அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் என்ன மிஞ்சும்?

எனவே பூவைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிட அடுக்கைப் பாருங்கள். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எத்தனை இடத்தில் வெளிச்சம் வருகிறது என்று பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## இங்கே கிடைக்கும் பூக்களில்

ஒற்றை அடுக்குச் செம்பருத்திதான் தொடங்குவதற்குச் சரியான பூ. ஐந்து அகன்ற இதழ், ஓரங்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று. இதழின் அடியிலிருந்து விரிந்து பரவும் நரம்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரே கஷ்டம், பெரும்பாலான செம்பருத்திப் பூக்களுக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் விரிந்ததை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும்.

சங்குப்பூவும் அப்படித்தான். பெரனாக்கன் பலகாரங்களுக்கு நீலம் தரும் அதே பூ. கையில் வைத்துப் பார்க்கும்போது கருநீலமாக, ஒரே திட்டாகத் தெரியும். லைட் பாக்ஸில் அந்த நீலம் ஓரத்தில் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் பிரியும், நரம்பின் வலைப்பின்னல் தெரியும். காகிதப்பூ இன்னும் சுலபம். நாம் இதழ் என்று நினைக்கும் மூன்று வண்ணத் தகடுகளும் உண்மையில் இலை வகையைச் சேர்ந்த பூவடிச் செதில்கள். நடுவிலிருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. செதில் மெலிதாக, காய்ந்த தன்மையோடு இருப்பதால் மணிக்கணக்கில் வாடாது. கைபழக அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஆர்க்கிட் என்றால் இங்கே எல்லோருக்கும் வாண்டா மிஸ் ஜோக்கிம் நினைவுக்கு வரும். 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட கலப்பினம். ஆர்க்கிட்டுகளில் இதழ் வெளிச்சத்தைக் கசியவிடும், நடுவில் தூண் போல நிற்கும் பகுதி விடாது. அந்த இடம் நிழலுருவமாகத்தான் விழும். அதைத் திருத்த முயலாமல் விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி. பூவுக்கு ஓர் எலும்பு வேண்டாமா? மாலைகளில் கோக்கும் ஊதா டென்ட்ரோபியம் விலை குறைவு, தாங்கும் தன்மையும் அதிகம். கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் பூக்கடைகளில் உதிரியாகக் கேட்டால் கிடைக்கும். ரோஜாவை முழுசாக வைக்காதீர்கள், இதழாகப் பிரித்து வையுங்கள். நித்தியகல்யாணி, அல்லமண்டா இரண்டும் நன்றாக வரும். அரளி வகைகளில் தடித்த இதழுள்ளவை சுமார்தான்.

பூங்காக்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே செடியை வெட்டுவதும் பூவைப் பறிப்பதும் சட்டப்படி குற்றம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்தில் யாராவது தொட்டி வைத்திருப்பார்கள். "அக்கா, ஒரு பூ எடுத்துக்கட்டுமா, படம் எடுக்கத்தான்" என்றால் மாட்டேன் என்பவர்கள் குறைவு. அப்புறம் அச்சடித்து ஒரு படம் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடாமலிருக்கப் பூவைக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்த உடனே பலகையில் வைத்தால் இதழில் பனி பூத்துவிடும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸாக அடியிலுள்ள வெளிச்சத்தைக் குவித்து, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். மூடிய டப்பாவோடு வெளியே எடுத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் பனி டப்பாவின் வெளிப்புறத்தில் மட்டும்தான் படியும். ஏர்கான் அறையிலிருந்து கேமராவைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோகும்போது லென்ஸ் மூடுபனி போடுவதும் இதே காரணத்தால்தான்.

## கேமரா ஏன் சாம்பல் நிறத்தில் எடுக்கிறது?

பெரும்பாலானவர்கள் முதல் படத்திலேயே கைவிடுவது இங்கேதான். பளீரென்ற வெள்ளைப் பலகையில் பூவை வைத்து எடுத்தால், பலகை சாம்பலாகவும் பூ கருத்தும் விழும். பலகை சரியில்லை என்று நினைப்பார்கள். பலகையில் ஒரு குறையும் இல்லை.

கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கணக்குப் போடும் பகுதி ஒளிமானி. அதற்கு எதிரே இருப்பது பூவா, புடவையா, சுவரா என்று தெரியாது. உலகத்தின் சராசரி நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு, கண்ட காட்சியை அந்த அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல் என்று வழக்கமாகச் சொல்வார்கள். படச் சட்டம் முழுக்க வெள்ளைப் பலகை இருந்தால், "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். 18இலிருந்து 100க்குப் போகச் சுமார் இரண்டரை ஸ்டாப் வேண்டும். அதை நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கேமராவில் கூட்டல், கழித்தல் குறியோடு இருக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை +2இல் வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். படத்தில் எந்த அளவு பிரகாசம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. வலது ஓரத்தில் உயரமான ஒரு தூண் நின்றால் அது பலகை. அது ஓரத்தைத் தொடட்டும், தப்பில்லை. பூவுக்குரிய மேடு ஓரத்தைத் தொடாமல் தள்ளி இருக்க வேண்டும். சிவப்புச் செம்பருத்தியில் மட்டும் கொஞ்சம் கவனம். மொத்த வரைபடம் நன்றாக இருக்கும்போதே சிவப்புக்கான தனி வரைபடம் ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அப்போது இதழின் நரம்பெல்லாம் காணாமல் போய் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். +1.5க்கு இறங்கிவிடுங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் இதழின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, பிரகாசத்தை மேலே தள்ள வேண்டும். ஹெச்டிஆரை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடுங்கள். அது வெள்ளையைக் குறைத்து நிழலைக் கூட்டுவதற்கென்றே இருப்பது. நமக்கு நேர்மாறாக வேண்டும்.

இங்கே வெள்ளைப் பூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நந்தியாவட்டையை லைட் பாக்ஸில் வைத்தால் ஏன் சாம்பலாக வருகிறது? மிச்சக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பலகை தருவது 100. இதழ் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அதைவிடக் குறைவாகத்தான் விடும். பலகை வெள்ளை என்றால் பூ அதைவிடக் கருத்துத்தான் இருக்க முடியும். இது கேமராவின் தவறே அல்ல. மேலே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக் கொஞ்சம் வெளிச்சத்தை இதழின் மேல் திருப்பினால் சாம்பல் சற்றுக் குறையும். ஆனால் அந்த மென்சாம்பலில்தான் இதழின் மடிப்பும் நரம்பும் இருக்கின்றன. அதை வெளுக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

## வேண்டாத வெளிச்சம்

மிச்ச வெளிச்சம்தான் படம் என்றால், அதோடு வேறு வெளிச்சம் கலப்பது படத்தைக் கெடுக்கும். மேலே எரியும் அறை விளக்கு இதழின் மேற்பரப்பில் பட்டுப் பழைய வெள்ளைப் பளபளப்பைக் கொண்டுவந்துவிடும். அணைத்துவிடுங்கள், திரைச்சீலையையும் இழுத்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பூ மூடாத பலகைப் பரப்பிலிருந்து நேராக லென்ஸுக்குள் பாயும் வெளிச்சம், லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையே எதிரொளித்து, படம் முழுக்க மெல்லிய புகை பரவியதுபோல் ஆக்கும். இதழின் ஓரம் அரிக்கப்பட்டதுபோல் தெரியும். குவியம் சரியில்லை என்று பலரும் லென்ஸைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கருப்பு அட்டையை நான்கு துண்டாக வெட்டி, படச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் பலகையை மூடுங்கள். ஒரு படம் மூடாமல், ஒரு படம் மூடி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இத்தனை மலிவாக இத்தனை மாற்றம் தருவது இந்தத் தொழிலில் வேறில்லை.

பலகையின் தரமும் கணக்கில் வரும். வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசிச் செய்தது. மலிவானவற்றில் அடர்சிவப்பு குறைவாக இருக்கும். அடியில் இல்லாத சிவப்பைப் பூ எங்கிருந்து மேலே அனுப்பும்? செம்பருத்தி மண் நிறமாக வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையிலான சிஆர்ஐ என்ற மதிப்பெண் உண்டு. 95 போட்டிருந்தால் நல்ல பலகை. அத்துடன், பூவை வைக்கும் முன் வெறும் பலகையை வைத்துக் கேமராவின் ஒயிட் பேலன்ஸை, அதாவது எதை வெள்ளை என்று கொள்வது என்ற கணக்கை, அமைத்துவிட்டால் பாதி நிறத் தகராறு அங்கேயே தீரும்.

மங்க வைக்கும் வசதியைத் தொடாதீர்கள். பல பலகைகள் வெளிச்சத்தை உண்மையில் குறைப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். முழுப் பிரகாசத்தில் வைத்து, டிரைபாடில் கேமராவை நிறுத்தி, 1/10 விநாடி அல்லது அதைவிட மெதுவாக எடுத்தால் சரியாகிவிடும். கேமராவின் ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துளை எஃப்/11. கேமரா பலகைக்கு இணையாகக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள், இதழ் ஆடும்.

சுருக்கமாக: வெளிச்சம் கீழிருந்து மட்டும் வரட்டும், சட்டத்துக்கு வெளியே ஒன்றும் ஒளிர வேண்டாம், கேமராவுக்கு +2 கொடுங்கள்.

## ஒரே படத்தில் அடங்காவிட்டால்

காகிதப்பூவுக்கும் சங்குப்பூவுக்கும் ஒரு படமே போதும், கேமரா பதிவுசெய்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால். அடுக்குள்ள பூவில்தான் சிக்கல். ஓரத்து ஒற்றை இதழுக்கும் நடுவில் நான்கு இதழ் சேரும் இடத்துக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம். காம்பு, மகரந்தத் தாள் எல்லாம் சேர்த்தால் இன்னும் அதிகம். ஓரத்துக்குச் சரியாக எடுத்தால் நடு கருக்கும், நடுவுக்கு எடுத்தால் ஓரம் வெளுக்கும்.

இதற்குத்தான் பிராக்கெட்டிங். கேமராவை அசைக்காமல், துளையை மாற்றாமல், ஷட்டர் நேரத்தை மட்டும் ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூட்டி ஐந்தாறு படம் எடுப்பது. பிறகு கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். மிக வெளிச்சமான படம் அடியில். அதில் பின்னணி சுத்த வெள்ளையாகவும் நடுப்பகுதி திறந்தும் இருக்கும். அதற்கு மேல் அடுத்த கருத்த படத்தை வைத்து முழுக்க மறைத்துவிட்டு, இதழ் வெளுத்துப்போன இடங்களில் மட்டும் தூரிகையால் வெளிக்கொண்டுவர வேண்டும். எந்த இடம் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் அந்த மறைப்புக்கு மாஸ்க் என்று பெயர்.

தானாகவே எல்லாப் படத்தையும் கலந்து தரும் மென்பொருள்களும் உண்டு. அவை ஓரத்தையும் நடுவையும் ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவந்துவிடும். அடுக்கு கூடும் இடத்தில் கருக்க வேண்டும் என்பது பூவின் இயல்பு. அதைச் சமன்படுத்தினால் இதழ் மேல் இதழ் இருப்பதே தெரியாமல் தட்டையாகிவிடும். கையால் செய்வதற்கு நேரம் பிடிக்கும்தான். ஆனால் எங்கே எவ்வளவு கருப்பு இருக்கட்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நம்மிடமே இருக்கும்.

## அச்சடிக்கும்போது

திரையில் வெள்ளை என்பது ஒளிர்வது. தாளில் வெள்ளை என்பது மையே படாத இடம், அதாவது தாளின் சொந்த நிறம். இந்தப் படங்களில் முக்கால்வாசி வெள்ளை என்பதால், எந்தத் தாளைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுவே உங்கள் பின்னணி. மஞ்சள் சாயலுள்ள தாளில் நீலச் சங்குப்பூ ஒரு மாதிரி இருக்கும், நீல வெண்மைத் தாளில் வேறு மாதிரி. பளபளக்கும் தாளைவிட மேட் தாளில் இதழின் மென்மை நன்றாக நிற்கிறது என்பது என் அனுபவம். கடைக்காரரிடம் மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள். படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது, எல்லாமே வெள்ளைதானே. வெட்ட வேண்டிய அளவைச் சென்டிமீட்டரில் எழுதியே கொடுத்துவிடுங்கள்.